கதைக்கு எல்லை வகுப்பவர் யார்?

திரைப்படமே கலை, தொலைக்காட்சி நாடகம் அதன் நிழல் என்று ஒரு சாரார் நெடுங்காலம் பேசி வந்தனர். இன்று மற்றொரு சாரார், திரைப்படத்தின் காலம் முடிந்தது, மனித வாழ்வை ஆழ்ந்து காட்டும் ஆற்றல் தொடருக்கே உண்டு என்று முழங்குகின்றனர். இவ்விரு கூற்றும் பிழையானவை. திரையின் அகலத்தைக் கொண்டோ, கதையின் நீளத்தைக் கொண்டோ தரத்தை அளப்பது, நூலைத் தராசில் நிறுத்து விலை சொல்வதற்கு ஒப்பாகும்.

உருதுக் கவிஞர் மிர்ஸா காலிபின் வாழ்வை 1954இல் சொராப் மோடி திரைப்படமாக்கினார். சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் அதற்குக் கிட்டியது. சுரையாவின் குரல் இனிமையானது; ஐயமில்லை. ஆயினும் அப்படத்தின் உயிர்நாடி, கவிஞருக்கும் ஓர் ஆடல் மகளுக்கும் இடையே மலர்ந்த காதலேயாகும். அதே வாழ்வை 1988இல் குல்சார் தூர்தர்ஷனுக்காகத் தொடராக்கினார். நஸீருத்தீன் ஷா காலிபாக நடித்தார். பெற்ற மழலைகளைப் பறிகொடுத்த துயரும், தீராக் கடனும், ஓய்வூதியம் வேண்டி அலைந்த அலைச்சலும், மனைவி உம்ராவ் பேகத்தின் வேதனையும் அங்கே உரிய இடம் பெற்றன. பதக்கம் பெற்ற படத்தைத் தொடர் விஞ்சி நின்றது.

அவ்வாறாயின் தொடர்தான் உயர்ந்ததோ? அன்று. எம். எஸ். சத்யு 1973இல் உருவாக்கிய 'கரம் ஹவா'வைப் பாருங்கள். பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் தங்கிவிட்ட காலணி உற்பத்தியாளர் சலீம் மிர்ஸாவின் குடும்பக் கதை அது. பரம்பரை வீட்டை விட்டுப் போக மனமின்றி முதிய தாய் ஒளிந்துகொள்ளும் ஒரே காட்சி, ஒரு தேசத்தின் துயரைச் சொல்லிவிடுகிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கிய அப்படத்தில் குறையென்று எதைச் சொல்வது?

இவற்றை உருவாக்கியோர், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தாமே வகுத்துக்கொண்டனர். தரத்தின் உரைகல் அதுவே.

அந்தி சாய்ந்ததும் நம் இல்லங்களில் புகும் நெடுந்தொடர்களை இவ்வுரைகல்லில் உரசிப் பாருங்கள். 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான 'கோலங்கள்' 1533 பகுதிகள் ஓடியது. ஷஹ்ரஸாத்கூட ஆயிரத்தோர் இரவுகளோடு நிறுத்திக்கொண்டாள்! அவள் கதையை நீட்டியது உயிர் காக்க. இன்று கதைகள் நீட்டப்படுவது விளம்பரம் விற்க. பார்ப்போர் தொகை குறையாதவரை முடிவுக்கு அனுமதி இல்லை.

நீளம் மட்டுமே குற்றமன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது, இன்றும் வாழ்கிறது. வளர்வது வேறு, இழுக்கப்படுவது வேறு. இழுக்கப்படும் கதையில் முதலில் மடிவது மனித இயல்பு. நேற்றுவரை நல்லவளாயிருந்த மருமகள் இன்று காரணமின்றிக் கொடியவளாகிறாள், இறந்தவன் மீள்கிறான், உணவில் நஞ்சு கலக்கப்படுகிறது. உறவு என்றாலே சூழ்ச்சி என்னும் பாடத்தை நம் பிள்ளைகள் நாள்தோறும் அரை மணி நேரம் கற்கின்றனர். இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் சூட்டிவிட்டால் போதுமா?

பெட்டியை உடைக்கச் சொல்லவில்லை. அதன்முன் அமருமுன், இக்கதைக்கு எல்லை வகுத்தவர் கலைஞரா, வணிகரா என்று கேளுங்கள். வணிகர் என்றால், எழுந்து செல்லும் உரிமை நமக்கு உண்டு. நாம் எழுந்தால் ஒழிய அவர் கதையை முடிக்கப்போவதில்லை.