ஸ்டென் துப்பாக்கியும் அதன் குறையும்

இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷார் செய்து குவித்த ஸ்டென் துப்பாக்கியைக் கண்டு நகைப்பது ஆயுத சாஸ்திரம் பேசுவோரில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. தண்ணீர்க் குழாய்க்குப் பிடி வைத்தாற்போன்றது அதன் உருவம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நகைப்பவர்கள் 1940-ஆம் வருஷத்தை மறந்துவிடுகின்றனர்.

அவ்வருஷம் பிரிட்டிஷ் சேனை தன் தளவாடங்களில் பெரும்பாகத்தைப் பிரான்ஸிலேயே போட்டுவிட்டு டன்கர்க்கிலிருந்து உயிர்தப்பி வந்தது. அமெரிக்காவினின்று தருவித்த தாம்ஸன் துப்பாக்கியோ விலை மிகுந்தது. இந்நெருக்கடியில் ஷெப்பர்ட், டர்ப்பின் என்னும் இருவர் வகுத்ததே ஸ்டென். தகட்டை வளைத்துப் பற்றவைத்த உடல். உள்ளே கனத்த இரும்புக் கட்டை ஒன்று, சுருள்வில் ஒன்று. வெடியின் விசை கட்டையைப் பின்னே தள்ளும். வில் அதை முன்னே தள்ளும். சூக்ஷ்மம் இவ்வளவே! எடை சுமார் 7 ராத்தல்; விலை சுமார் 2½ பவுன். விளையாட்டுச் சாமான் செய்து வந்த லைன்ஸ் சகோதரர் கம்பெனியாரும் இதைச் செய்தனர். மொத்தம் 40 லட்சத்துக்கு அதிகமாக உற்பத்தியாயின. 9 மில்லிமீட்டர் தோட்டா ஜெர்மானியருடையதே யாதலால், பகைவனிடம் பறித்ததும் உதவிற்று. நாஜிகளின் பிடியிலிருந்த போலந்திலும் டென்மார்க்கிலும் தேசபக்தர்கள் இரகசியப் பட்டறைகளில் இதைத் தாமே செய்துகொண்டனர். 1945-ல் ஜெர்மானியரே இதைப் பார்த்துத் தமக்கொரு மலிவுத் துப்பாக்கி செய்தார்களென்றால், நகைப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

எனினும் இதன் குறை அற்பமானதன்று. பக்கவாட்டில் செருகும் மாகஸினில் 32 தோட்டாக்கள் இரண்டு வரிசையாக நின்று, வாயருகே ஒரே வரிசையாக நெருங்கும். அவ்வாய் சிறிது நெளிந்தாலும், அழுக்குப் படிந்தாலும், தோட்டா சிக்கும். துப்பாக்கி கீழே விழுந்தால் தானே வெடிப்பதும் உண்டு. 1942 மே 27-ல் பிராக் நகரில் ஹைட்ரிக் என்னும் நாஜி அதிகாரியைச் சுடக் காப்சிக் என்ற ஸ்லோவாக் வீரர் ஸ்டென்னை நீட்டியபோது அது சுடவில்லை. உடனிருந்த குபிஷ் எறிந்த குண்டே காரியத்தை முடித்தது.

1941-ன் அவசரத்தை நாம் குறை கூறோம். கையில் ஒன்றுமில்லாதவனுக்குக் குறையுள்ள ஆயுதமும் ஆயுதமே. ஆனால் 1944-ல் ஐந்தாவது மாதிரி வெளிவந்தபோது, மரப்பிடி வைக்கவும் முனையில் ஈட்டி செருக வகை செய்யவும் சாவகாசம் இருந்ததே! மாகஸின் மட்டும் பழையதாகவே நின்றது. பழைய மாகஸின்கள் லட்சக்கணக்கில் கைவசம் இருந்தன என்று அதிகாரிகளுக்காக வாதிக்கலாம். வக்கீல் தொழில் பழகிய நமக்கு அவ்வாதம் புரிகிறது. ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. சர்க்கார் மிச்சம் பிடித்த ஷில்லிங்குகளுக்கு ஈடாகத் தன் உயிரைப் பணயம் வைத்தவன் சிப்பாய். வளைந்த புது மாகஸினுடன் ஸ்டெர்லிங் துப்பாக்கியைப் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது 1953-ல். யுத்தம் முடிந்து எட்டு வருஷங்களுக்குப் பிறகு.