முட்புதரில் கிடந்த பாதை



"சுவாமி, எங்கள் பையன் நள்ளிரவு வரையில் கணினியின் முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டுகிறான். அந்தக் கார் எந்த ஊருக்கும் போய்ச் சேருவதில்லை, அவன் படிப்பும் அப்படியே" என்று மனம் நொந்து கூறும் பெற்றோர் உண்டு. இல்லாத பாதையில் இல்லாத வண்டியை ஓட்டுவதால் யாருக்கு என்ன பயன், வீணாகும் நேரத்தைத் தவிர வேறெதுவும் அங்கே மெய்யில்லையே என்றுதான் நானும் வெகு காலம் எண்ணியிருந்தேன். இந்த விளையாட்டில் தேர்ந்தவர்கள் ஓட்டும் பாதைகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதைச் சற்று விசாரித்து அறிந்த பின்னர், அந்த எண்ணத்தில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மற்றப் பாதி, அதாவது பையன் நேரத்திற்கு உறங்க வேண்டும் என்பது, அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே இயங்கும் ஐரேசிங் என்னும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். டேவ் கேமர், ஜான் ஹென்றி ஆகிய இருவரும் சேர்ந்து 2004-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். முன்னவர், இண்டியனாபொலிஸ் பந்தயத்தை 1989-இலேயே கணினித் திரைக்குக் கொண்டுவந்தவர். பின்னவர், பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற பேஸ்பால் அணிக்கு உரிமையாளர். 2008-இல் பொதுமக்களுக்கு இது திறந்துவிடப்பட்டது. வீட்டிலிருப்பவர் மேசையில் ஒரு ஸ்டியரிங்கைப் பொருத்தி, காலடியில் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் வைத்துக்கொண்டு, இணையத்தின் வழியாகப் பிற நாட்டவரோடு ஒரே வேளையில் ஒரே பாதையில் போட்டியிடுகிறார். மேடு பள்ளத்தில் வண்டி ஏறினால் ஸ்டியரிங் கையில் அதிரும். ஆண்டு நான்கு பருவங்களாகவும், பருவம் பன்னிரண்டு வாரங்களாகவும் வகுக்கப்பட்டுள்ளது. ஒரு பருவம் முடிந்து மறு பருவம் தொடங்குமுன் வரும் வாரத்தில் புதுப் பாதைகளும் புது வண்டிகளும் வந்து சேரும். இவையன்றி, டேடோனா, நூர்பர்கிரிங் முதலிய பாதைகளில் 24 மணி நேர நெடும்பந்தயங்களும் ஆண்டுதோறும் உண்டு. ஒரே வண்டியைப் பலர் முறை வைத்து ஓட்டுவர். ஒருவர் உறங்க, மற்றவர் விழித்திருப்பார்.

இப்பாதைகள் ஓவியனின் கற்பனையில் பிறப்பவை அல்ல. முக்காலியின் மேல் நிறுத்திய கருவி ஒன்று சுழன்றுகொண்டே லேசர் ஒளியை நாற்புறமும் வீசும். தரையில் பட்டுத் திரும்பும் ஒளியைக்கொண்டு ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று கணக்கிடப்படும். இவ்விதம் கோடிக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்து, மில்லிமீட்டர் அளவில் பாதையின் அச்சை எடுத்துவிடுகின்றனர். தாரில் விழுந்த விரிசலும், ஒட்டுப் போட்ட இடத்தின் மேடும் தப்புவதில்லை. ஆனால் இக்கருவிக்கு ஒரு குறை உண்டு. தாரையும் புல்லையும் அது வேறுபடுத்தி அறியாது. பாதையின் நடுவே ஒரு புதர் முளைத்திருந்தால், அதையும் ஒரு மேடு என்றே எழுதிக்கொள்ளும். இதை ஏன் சொல்லுகிறேன் என்பது பின்னர் விளங்கும்.

வட கரோலினா மாநிலத்தின் மலையடிவாரத்தில் வில்க்ஸ் என்றொரு மாவட்டம் உள்ளது. ஒரு காலத்தில் அது கள்ளச் சாராயத்திற்குப் பேர்போன நாடு. காடுகளில் இரவோடிரவாகக் காய்ச்சிய சரக்கை, என்ஜினை முறுக்கேற்றிய கார்களில் ஏற்றிக்கொண்டு, துரத்தும் அதிகாரிகளை வளைவுகளில் ஏமாற்றிப் பறந்த இளைஞர்களே பிற்காலத்தில் பந்தய வீரர் ஆயினர். அவர்களுள் தலையாயவர் ஜூனியர் ஜான்சன். தந்தையின் சாராய அடுப்படியில் 1956-இல் பிடிபட்டுச் சிறை சென்றார். நாஸ்கார் என்னும் பெரும் பந்தயத் தொடரில் அவர் பெற்ற வெற்றிகள் மொத்தம் 50. முப்பது ஆண்டுகள் கழித்து, 1986-இல், ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அந்த மாவட்டத்து மக்கள் 1947-இல் தங்களுக்கென்று பெற்ற பந்தயக் களமே நார்த் வில்க்ஸ்பரோ. சுற்றளவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஒரு பக்கம் இறக்கம், மறு பக்கம் ஏற்றம். நிலத்தைச் சமன் செய்யப் பணம் போதவில்லை, அதனால்தான் இப்படி என்று கூறுவர். ஏழையின் குறையே அக்களத்திற்குத் தனி அழகாயிற்று.

களத்தை உண்டாக்கிய ஈனக் ஸ்டேலி 1995-இல் காலமானார். வேறு கைகளுக்கு மாறிய உரிமையோடு பந்தயங்களும் டெக்சாஸுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் மாற்றப்பட்டன. 1996 செப்டம்பர் 29 அன்று நடந்த கடைசிப் பந்தயத்தில் ஜெஃப் கார்டன் வென்றார். அதன் பின் கதவு சாத்தப்பட்டது. 2010-இல் சிறு பந்தயங்களுக்காகத் திறந்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. மேடைகள் இற்றன, தாரின் வெடிப்புகளில் புல் முளைத்தது. நெடுஞ்சாலையில் போவோர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

2019 டிசம்பரில் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் என்னும் புகழ்பெற்ற வீரர், உரிமையாளரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு, தொண்டர் சிலரோடு அக்களத்தினுள் சென்றார். எதற்காக? புல்லைப் பிடுங்குவதற்காக! முன்பு சொன்ன கருவியின் குறை இங்கேதான் நினைவுக்கு வரவேண்டும். ஐரேசிங் நிறுவனத்தார் அப்பாதையை அளந்து எடுக்க வேண்டுமாயின், முதலில் களை நீங்கித் தார் வெளிப்பட வேண்டும். களம் மீண்டும் எழும் என்று அன்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அடியோடு சிதைந்து போகுமுன் அதன் அச்சையேனும் எடுத்து வைப்போம் என்பதே அவர்கள் நோக்கம். சாகக் கிடக்கும் தகப்பனைக் கடைசியாக ஒரு புகைப்படம் எடுத்து வைப்போம் என்கிற பிள்ளையின் மனம் அது. ஜூனியர் ஜான்சன் கண்மூடியதும் அதே டிசம்பர்த் திங்களில்தான்.

மூன்று திங்களுக்குள் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் பந்தயங்கள் யாவும் நின்றன. வீட்டில் அடைபட்ட வீரர்கள் கணினி முன் அமர்ந்தார்கள்; தொலைக்காட்சி அதை ஒளிபரப்பிற்று. முதற் போட்டியை ஏறத்தாழ 9 இலட்சம் பேரும், அடுத்த வாரப் போட்டியை 13 இலட்சம் பேரும் கண்டனர். அந்த இரண்டாம் போட்டியில் வென்ற டிம்மி ஹில், பெரும்பணம் இல்லாத சிறிய அணிக்கு ஓட்டியவர். நாஸ்காரின் உயர்நிலைத் தொடரில் ஒருமுறையும் வென்றதில்லை. என்ஜினுக்குப் பணம் கொட்ட வேண்டாத இடத்தில் அவருடைய கைத்திறன் வெளிப்பட்டது. மே 9 அன்று தொடரின் நிறைவுப் போட்டி நார்த் வில்க்ஸ்பரோவில் நடந்தது. திரையில் முட்புதர் இல்லை. நல்ல காலத்தில் இருந்த கோலத்தில் களம் நின்றது. டென்னி ஹாம்லின் வென்றார்.

ஒரு சாயலைப் பார்த்தபோதுதான், மெய்யானதை இழந்த ஏக்கம் பலருக்கு உறைத்தது போலும். அடுத்த ஆண்டு, பெருந்தொற்று நிவாரணமாக வந்த நடுவண் நிதியிலிருந்து 1 கோடியே 80 இலட்சம் டாலரை வட கரோலினா அரசு அக்களத்திற்கு ஒதுக்கியது. கணினியில் எடுத்த அச்சுதான் களத்தை எழுப்பியது என்று சொன்னால் அது மிகை. பணமும் அரசும் உரிமையாளரின் மனமாற்றமும் இன்றி ஒரு செங்கல்லும் அசைந்திராது. எனினும் முதலில் உள்ளே சென்று குனிந்து புல் பிடுங்கியவர்கள் யார் என்பதை அவ்வூரார் மறக்கவில்லை. 2022 ஆகஸ்டில் மெய்யான வண்டிகள் மீண்டும் ஓடின. எர்ன்ஹார்ட் தாமே ஓட்டி மூன்றாவதாக வந்தார்.

நிலத்தில் உள்ள பாதை திரைக்குச் செல்வதே வழக்கம். சிகாகோவில் முறை தலைகீழாயிற்று. அந்நகரின் கிராண்ட் பூங்காவைச் சுற்றியுள்ள மிச்சிகன் அவென்யூ முதலிய தெருக்களை இணைத்து, 12 வளைவுகளுடன் ஒரு பாதை கணினியில் அமைக்கப்பட்டு, 2021 ஜூனில் திரைப் போட்டி நடந்தது. அப்போது அத்தெருக்களில் வழக்கம்போல் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 2 அன்று, கொட்டும் மழையினூடே அங்கே மெய்யான பந்தயம் நடந்தது. நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் தமது முதல் நாஸ்கார் ஓட்டத்திலேயே வென்றார். 2025 வரை மூன்று ஆண்டுகள் அது தொடர்ந்தது.

நிற்க. பாதை மெய்யென்றால், அதில் ஓட்டுபவரின் நடத்தை மட்டும் பொய்யாகுமோ? ஐரேசிங்கில் புனைபெயருக்கு இடமில்லை. சொந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும். பாதையை விட்டு விலகினாலும், பிறர் மேல் மோதினாலும் புள்ளிகள் ஏறும். மோதல் நேர்ந்தால் யார் குற்றம் என்று பொறி விசாரிப்பதில்லை; இருவர் கணக்கிலும் எழுதிவிடும். இது அநியாயம் என்று புலம்புவோர் பலர். பங்கு அலுவலகத்தில் அண்ணன் தம்பி வழக்குகளைக் கேட்டுக் கேட்டுக் களைத்த எனக்கு, அதில் ஓரளவு ஞானம் இருப்பதாகவே தோன்றுகிறது.

அந்த 2020-ஆம் ஆண்டு இவ்வகையில் பலருக்குப் பாடமாயிற்று. மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ தொடரில் ஓட்டிய ஜெர்மானியர் டேனியல் ஆப்ட், மே திங்களில் நடந்த திரைப் போட்டியில் தம் பெயரில் வேறொரு வல்லவரை அமர்த்தி ஓட்டச் செய்தார். குட்டு வெளிப்பட்டது. அறச்செயலுக்கென 10,000 யூரோ தண்டம் கட்டினார்; மெய்யான அணியில் அவருக்கிருந்த இடமும் போயிற்று.

அதனினும் கொடியது ஏப்ரல் 12 அன்று நேர்ந்தது. அவ்வாண்டு அது உயிர்த்த ஞாயிறு. அன்றிரவு கைல் லார்சன் என்னும் முன்னணி வீரர், திரைப் போட்டி ஒன்றில், தம் துணையாளர் ஒருவரே கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு, கறுப்பினத்தாரை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைக் கூறிவிட்டார். அச்சொல்லை இங்கே எழுத மாட்டேன். உடன் ஓட்டிய அனைவர் காதிலும், ஒளிபரப்பிலும் அது விழுந்தது. தாய்வழியில் ஜப்பானிய வமிசத்தவர் அவர். சிறுபான்மை இனத்து இளைஞரை முன்னேற்றும் திட்டத்தின் வழியாகவே நாஸ்காருக்கு வந்தவர்! மறுநாள் நாஸ்கார் அவரை விலக்கி வைத்தது. அதற்கு மறுநாள் அணி அவரை வேலையிலிருந்து நீக்கியது. வீட்டு நாற்காலியிலிருந்து எழாமலே இரண்டு நாட்களில் எல்லாவற்றையும் இழந்தார்.

அவர் சாக்குச் சொல்லவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு முழுதும் சிற்றூர்களின் மண் பாதைகளில் வண்டி ஓட்டினார். பிலடெல்பியாவில் ஏழைச் சிறுவருக்குப் பந்தயக் கலை கற்பிக்கும் பள்ளிக்குச் சென்றார். மின்னியாபொலிஸ் நகரில் இளைஞருக்கான அமைப்பொன்றில் தொண்டு செய்தார். 2021 தொடக்கத்தில் தடை நீங்கியது. வேறோர் அணி அவரை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே 10 பந்தயங்களில் வென்று சாம்பியன் ஆனார். மன்னித்தது மிக விரைவு என்று அப்போது கருதியவர்களும் உண்டு. அவர்களை நான் குறை கூறேன்.

2023 மே 21. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் நாஸ்காரின் உயர்நிலை வீரர்கள் நார்த் வில்க்ஸ்பரோவுக்குத் திரும்பினர். 200 சுற்றுகள், பரிசு 10 இலட்சம் டாலர். 1981-இல் போட்ட தார்தான் இன்னும் கிடந்தது. டிசம்பர்க் குளிரில் களை பிடுங்கி அளவெடுத்த அதே தார். தொடக்கத்திலேயே விதிமீறலுக்காகக் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட ஒருவர், ஒவ்வொரு வண்டியாகக் கடந்து முன்னேறி, இறுதி 145 சுற்றுகளையும் முதலிடத்தில் நின்று ஓட்டி வென்றார். அவர் கைல் லார்சன். அடுத்த ஆண்டுப் பந்தயத்திற்குள் அந்தப் பழைய தாரைப் பெயர்த்தெடுத்துப் புதுத் தார் போட்டுவிட்டார்கள்.