பல் பிடுங்கியபின் இரத்தம் நில்லாவிடில்



பல் பிடுங்கிய அன்று எச்சிலில் சிறிது செம்மை கலந்திருத்தல் இயல்பு, அஞ்ச வேண்டுவதில்லை. வாய் நிறையப் புது இரத்தம் ஊறிக்கொண்டேயிருப்பின் அலட்சியம் செய்தலாகாது.

பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து மூடிபோல் அமைகின்றது. அம்மூடியைக் காப்பதே நம் கடமை. தூய துணியைத் தடிப்பாக மடித்து, நனைத்துப் பிழிந்து, குழியின்மேல் வைத்து 30 நிமிடம் அழுந்தக் கடித்திருக்க வேண்டும். இடையில் எடுத்துப் பார்த்தல் கூடாது. தலை உயர்ந்திருக்க அமர்க. துப்புதல், கொப்பளித்தல், சூடான காப்பி, வெற்றிலை, புகையிலை, மது ஆகியவற்றை அன்று விலக்குக. வலிக்கு ஆஸ்பிரின் உண்ணற்க. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

இருமுறை இவ்வாறு செய்தும் நில்லாவிடில், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குச் செல்க. நம் நாயுடுபேட்டையில் தெலுங்கு பழகாத தாய்மார் “ரக்தம் ஆகடம் லேது” என்றால் போதும். மருத்துவர் தையல் இடுவார். அன்றி, ஜப்பானிய ஒகமோட்டோ தம்பதியர் 1962-இல் வெளியிட்ட டிரானெக்சாமிக் அமிலத்தில் தோய்த்த துணியை வைப்பார்.

இவற்றினும் மேலானது, பல்லைப் பிடுங்குமுன் உண்மையைக் கூறுதல். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்ணும் முதியோர் அதனைத் தெரிவிக்க வேண்டும். தாமாக நிறுத்திவிடவும் கூடாது. சிறுவனாயின் மருத்துவர் “மேனமாமா” என்று தொடங்கி, தாய்மாமனைப் பற்றி வினவக்கூடும். ஹீமோஃபிலியா என்னும் நோய் பெரும்பாலும் தாய்வழி வருவது. அதனைச் சுமக்கும் தாய்க்கு வெளிப்படையான துன்பம் இல்லாதிருக்கலாம். ஆயினும் அவள் பெறும் ஒவ்வோர் ஆண்மகவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. நோயுள்ள தாய்மாமன், அதனைச் சுமக்கும் அக்காள் மகளை மணப்பின் பெண்மகவையும் அது பற்றக்கூடும்.

ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் இச்செய்தி ஊரிலேயே தங்கிவிடுகின்றது. பெண்ணின் திருமணம் தடைப்படுமென்று பெரியோர் மறைப்பதும் உண்டு. விவரச்சீட்டின்றிப் பார்சலை ஏற்க மாட்டோம். பிள்ளையை மட்டும் விவரமின்றி மருத்துவரிடம் ஒப்படைக்கின்றோம். முன்னோர் எவர்க்கும் இல்லாதிருந்தும் இந்நோய் சிலர்க்குப் புதிதாய்த் தோன்றுவதால், தாயைப் பழித்தல் தகாது.

முன்பே அறிந்தால் அச்சமில்லை. குறைவுற்ற உறைபொருளை ஊசிமூலம் செலுத்தியபின் பல்லை எடுக்கலாம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்நோயர் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்துக் கண்ட நற்பயன் 2024-இல் வெளியாயிற்று.

எனவே, இவ்வாரமே தாய்வீட்டாரைக் கேளுங்கள்: “நம் குடும்பத்தில் சிறு காயத்துக்கும் இரத்தம் நில்லாதவர் எவரேனும் உண்டா?” விடையை எழுதி, பிள்ளைகளின் தடுப்பூசிச் சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.