வீட்டில் இசைப்பதிவும் மென்பொருட் போட்டியும்

இசையில் விருப்புடைய இளைஞர் இருவர் எங்கேனும் கூடுவராயின், இந்நாளில் அவரிடையே முதற்கண் எழும் வினா இராகத்தைப் பற்றியதோ தாளத்தைப் பற்றியதோ அன்று. "நீ எந்த மென்பொருளில் பதிவு செய்கிறாய்?" என்பதே அவ்வினா. நம் கல்லூரி விடுதியிலும் அதனைச் செவியுறுகிறோம். இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தையடுத்த மம்சாபுரம் போன்ற ஊர்களிலிருந்து வரும் மாணாக்கர் வாயிலும் அதுவே வழங்குகிறது. முன்னாளில் ஒருவர் தம் பாட்டைத் தட்டிற் பதிவிக்க விரும்பினால் சென்னைக்குச் சென்று கம்பெனியாரின் தயவை நாடிக் காத்திருத்தல் வேண்டும். இன்றோ ஒரு கணினியும் ஒரு மைக்கும் உடையார் தம் வீட்டு அறையிலேயே அக்காரியத்தை முடித்துக்கொள்ளலாம். இம்மாறுதலை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் மேற்கூறிய வினா நம் இளைஞரின் காலத்தையும் பொருளையும் கொள்ளை கொள்வதைக் காணுந்தோறும், அதைப்பற்றிச் சில கூறுதல் நம் கடமையென்று கருதுகிறோம்.

நம் அபிப்பிராயத்தை முன்னரே சொல்லிவிடுவோம். வீட்டில் பதிவு செய்யும் மாணாக்கருக்கு எம்மென்பொருள் சிறந்தது என்பது சிறிய வினா. தம் கையிலுள்ள கணினியில் தடையின்றி இயங்குவதும், நேர்வழியிற் பெறத்தக்கதும், பதிந்தவற்றைப் பிற்காலத்தில் பூட்டி வையாததுமாகிய ஒன்று கிடைத்தால் அதுவே போதும். எஞ்சிய பொருளும் கவலையும் மைக்கிற்கும் அறைக்கும் பாடுவோர்க்கும் உரியன.

டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன் என்றும், சுருக்கமாக 'டா' என்றும் வழங்கும் இவ்வகை மென்பொருள், ஒலிப்பதிவுக்கூடம் முழுவதையும் கணினித் திரையில் அமைத்துக் காட்டுவது. குரல் ஒரு டிராக்கிலும், மிருதங்கம் ஒரு டிராக்கிலும், வயலின் பிறிதொன்றிலுமாகப் பதிந்து, பிழையை வெட்டி, ஏற்றத் தாழ்வுகளைச் சமனாக்கி, யாவற்றையும் ஒன்றாகக் கலந்து தருவதே இதன் தொழில். இவற்றுள் ஹாம்பர்க்கு நகரத்து ஸ்டைன்பெர்க்கு கம்பெனியாரின் கியூபேஸ் 1989இலும், அமெரிக்க நாட்டுப் புரோ டூல்ஸ் 1991இலும் வெளிவந்தன. பெல்ஜியத்தார் 1997இல் புரூட்டி லூப்ஸ் என்னும் பெயரால் வெளியிட்டது இன்று எஃப். எல். ஸ்டுடியோ எனப்படுகிறது. பெர்லின் நகரில் தோன்றிய ஏபிள்டன் லைவ் 2001இல் வந்தது. லாஜிக் என்பது ஆப்பிள் கணினியிலன்றி இயங்காது. இப்பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதில் நம் மாணாக்கர் மிக வல்லவர். ஜன்னிய இராகங்களை அவ்வாறு ஒப்பிப்பாரைக் காண்பதுதான் அரிது.

ஏ. ஆர். ரஹ்மான் லாஜிக்கைக் கையாள்பவர் என்பது பலரும் அறிந்த செய்தி. கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த கூடத்தில் அவர் உழைத்துத் தந்ததே 1992இல் வெளிவந்த 'ரோஜா'வின் இசை. இதனைக் கேள்வியுற்ற இளைஞர் சிலர், அம்மென்பொருளை வாங்கினால் அவ்விசையும் உடன் வந்துவிடும் என்று எண்ணுகின்றனர் போலும். தச்சனுடைய உளியை வாங்கினவனெல்லாம் தேர் செய்து முடித்துவிடுவதில்லை.

ஒரு மென்பொருளின் ஒலி மற்றொன்றன் ஒலியினும் இனியது என்று வாதிடுவோரும் உளர். இவ்வாதத்தை யாவரும் தம் வீட்டிலேயே பரீட்சித்து அறியலாம். ஒரே ஒலிக்கோப்புகளை இரு மென்பொருள்களில் ஏற்றி, ஒலியளவையும் இட வலப் பங்கீட்டையும் ஒன்றுபோல் அமைத்து, வேறு மெருகொன்றும் சேர்க்காமல் கலந்து எடுத்துக்கொள்க. பின்னர் அவ்விரண்டு கலவைகளையும் அருகருகே இட்டு, ஒன்றன் அலையை மட்டும் தலைகீழாகத் திருப்பி ஒருங்கே ஒலிப்பிக்க. மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழிக்க, எஞ்சுவது மௌனமே. பதிவதும் கூட்டுவதும் கணக்கே. அக்கணக்கை எந்தக் கம்பெனியார் செய்யினும் விடை ஒன்றே. வேறுபாடு இருப்பது கையாளும் முறையிலும், உடன் தரப்படும் கருவிகளிலும், விலையிலுமே.

அவ்வாறாயின் பதிவு நன்றாவதும் தீதாவதும் எதனால்? பெரும்பாலும் அறையினால். மம்சாபுரத்து வீடொன்றில் மாலைப்பொழுதில் மைக்கைத் திறந்து வைத்துப் பாருங்கள். தெருவில் செல்லும் வண்டியின் ஒலிப்பான், தொலைவில் விழாவீட்டு ஒலிபெருக்கி, தலைக்குமேல் மின்விசிறி, அடுப்படியில் குக்கரின் சீழ்க்கை ஆகிய யாவும் பாடகனுக்கு முன்னரே பதிவாகிவிடும். சிமெண்டுச் சுவரும் கான்கிரீட்டுக் கூரையும் சிறு அறையில் குரலை மீண்டும் மீண்டும் எறிந்து, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆக்கும். இக்குறையை எந்த மென்பொருளும் முற்ற நீக்கமாட்டாது. ஆனால் பாடுவோர்க்குப் பின்னும் இருபுறமும் கனத்த பஞ்சு மெத்தைகளையும் ஜமக்காளங்களையும் தொங்கவிட்டால் பெரும்பகுதி தீரும். நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற இராஜபாளையத்தை அடுத்து வாழ்வோர்க்குப் பஞ்சு கிடைப்பது அருமையன்று! மைக்கிற்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுக; விசிறியை நிறுத்துக; அதிகாலையையோ ஊரடங்கிய இரவையோ தேர்க. மிக உரக்கப் பாடும் இடத்திலும் அளவுமுள் உச்சிக்குப் பன்னிரண்டு டெசிபல் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்க. இவற்றிற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

நிற்க. மென்பொருள்களிடையே நம்மனோர் உண்மையில் கவனிக்கத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. ஒப்பீடு எழுதும் மேனாட்டார் அதனைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. இம்மென்பொருள்களைத் திறந்தவுடன் பெரும்பாலானவற்றில் தோன்றுவது நான்கு நான்காக வகுத்த கட்டம். காலமோ நிமிடத்திற்கு 120 தட்டு என்னும் கணக்கில் முன்னரே குறித்திருக்கும். ஆதி தாளம் அதனுள் அடங்கும். மிசிர சாப்பின் ஏழையும் கண்ட சாப்பின் ஐந்தையும் ஏற்குமாறு அக்கட்டத்தை மாற்றவும் இயலும். ஆனால் ஆலாபனை எக்கட்டத்திலும் அடங்காது. நாட்டுப்பாடலும் பாடுவோரின் மூச்சிற்கேற்பவே விரைந்தும் தளர்ந்தும் செல்லும். அங்குக் கட்டத்தை அறவே நீக்கி, தட்டொலியையும் நிறுத்திவிட்டுப் பதிதலே முறை. சிறு துண்டுகளை மீண்டும் மீண்டும் சுழற்றி இசையமைப்பார்க்கு ஏபிள்டனும் எஃப். எல்.லும் மிக ஏற்றவை. அவற்றின் கட்டமைப்பே அச்சுழற்சியை நோக்கியது. ஒருவர் அமர்ந்து பாடுவதைப் பாடியவாறே பதிந்து கொள்ள விரும்புவார்க்கு அவ்வேற்பாடு ஒரு சுமை. அவர்க்கு ரீப்பர், ஆர்டர் போன்றவை இலகுவானவை என்பது நம் துணிபு.

சுருதி விஷயமும் இத்தகையதே. விசைப்பலகை வழியே எழுதும் சுரங்கள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்குகளாக்கிய படிகள். தோடியின் காந்தாரம் ஒரு படியில் நின்றுகொண்டிருப்பதன்று. அஃது அசைவிலே உயிர்வாழ்வது. 1997இல் வெளிவந்த ஆட்டோ டியூன் முதலாக வந்துள்ள சுருதி திருத்தும் கருவிகள், கவனமின்றிக் கையாளப்படின் கமகத்தைப் பிழையென்று கருதி நேராக்கிவிடும். நம்மிடையே சிலர் இதனையே மெருகென்று கொண்டாடுகின்றனர். உலக்கையால் வீணை வாசித்தற்கு ஒப்பான இச்செயலை நாம் எவ்வாற்றானும் ஏற்பதற்கில்லை.

இனி விலையைப் பற்றிப் பேசுவோம். மாணாக்கர்க்கு நெருக்கமான செய்தி அதுவே. விலையுயர்ந்த மென்பொருள்களின் பூட்டுடைத்த திருட்டுப் பிரதிகள் கைக்குக் கை மாறி வருவதை யாவரும் அறிவர், அறிந்தும் பேசாதிருக்கின்றனர். பிறர் உழைப்பைக் கவர்ந்து நம் கலையைத் தொடங்குவது தகாது என்பது ஒருபுறமிருக்க, அப்பிரதிகளோடு ஒட்டிவரும் கேடுநிரல்கள் கணினியிலுள்ள பாடக் குறிப்புகளையும் ஒருங்கே அழிக்கவல்லன. "ஏழை மாணாக்கன் வேறென் செய்வான்?" என்று கேட்பார்க்கு விடை எளிது. ஆடாசிட்டி என்பது 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கி, இன்றளவும் இலவசமாகக் கிடைப்பது. கணினிக்குள்ளேயே இசைக்கருவிகளை இயற்றி வாசிக்க வேண்டுவார்க்கு அது போதாது. குரலையும் கருவியையும் பதிந்து செப்பம் செய்வார்க்குப் போதும். ஆர்டர் என்பது மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ள கட்டற்ற மென்பொருள். லினக்ஸிலும் நன்கு இயங்கும். புரோ டூல்ஸ்காரரும் 2022 முதல் இன்ட்ரோ என்னும் இலவசப் பதிப்பை வழங்குகின்றனர். அதில் ஒலி டிராக்குகள் எட்டே. ரீப்பர் 60 நாள் பரீட்சைக்குக் கிடைக்கும். அதன்பின் தனியார்க்குரிய சலுகை விலை 60 டாலர். மூவர் நால்வராய்ப் பாடும் குழுவிற்கு எட்டு டிராக்குகளே மிகுதி.

2011இல் தமிழ்நாட்டு அரசினர் மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபொழுது, அவற்றுள் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸ் வகையையும் சேர்த்தே தந்தனர். அக்கணினிகளிற் பல இன்று பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. புதிய விளையாட்டுகளுக்கு அவை உதவா. ஆயினும் நான்கு டிராக்குகளில் ஒரு பாட்டைப் பதிதற்கு அவற்றுட் பல இன்னும் உதவும் என்பதை நம் மாணாக்கர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி இனிமேல் வருவது. லாஜிக்கை ஆக்கிய ஜெர்மானியக் கம்பெனியை 2002இல் ஆப்பிள் நிறுவனத்தார் விலைக்கு வாங்கியபொழுது, விண்டோஸ் பதிப்பு நின்றுபோயிற்று. அதுகாறும் அதில் உழைத்து வந்தோர் கணினியை மாற்றவோ மென்பொருளை மாற்றவோ நேர்ந்தது. 1987இல் தோன்றிய கேக்வாக்கின் ஆக்கத்தை அதன் அப்போதைய உரிமையாளராகிய கிப்சன் நிறுவனத்தார் 2017இல் நிறுத்தினர்; மறு ஆண்டில் சிங்கப்பூர் நிறுவனமொன்று அதனை ஏற்றிராவிடில் அதன்கதி யாதாகியிருக்குமோ! மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. பாட்டிற்கு அதனினும் நீண்ட ஆயுள் வேண்டும்.

மம்சாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அறிந்த முதிய பெண்டிர் இன்னும் உளர். அவர்தம் பாடல்களுட் பல எந்த நூலிலும் ஏறாதவை. எந்தத் தட்டிலும் பதியாதவை. பேரன் ஒருவன் ஒரு மாலையில் தன் பாட்டியைப் பதிவு செய்து, அதனை ஒரு கம்பெனியாரின் தனிக்கோப்பாக மட்டும் விட்டு வைப்பானாயின், பத்தாண்டு கழித்து அக்கோப்பு திறக்க மறுக்கலாம். அப்பொழுது மீண்டும் பாடுதற்குப் பாட்டி இருக்கமாட்டாள். டச்சு நாட்டு அறிஞர் ஆர்னால்டு பேக் என்பார் 1930ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் அலைந்து திரிந்து மெழுகுருளைகளிலும் டெஃபி என்னும் நாடாக்களிலும் பாடல்களைப் பதிந்தார். அந்நாடாவை ஒலிப்பிக்கும் பொறி இன்று புழக்கத்தில் இல்லை. ஆராய்ச்சிக் காப்பகத்தார் முயன்று வேற்றுருவிற்கு மாற்றியமையால்தான் அவை கேட்கக் கிடைக்கின்றன. மம்சாபுரத்துப் பாட்டிக்காகக் காப்பகத்தார் எவரும் அவ்வாறு முயலப்போவதில்லை.

ஆதலின் எம்மென்பொருளில் பதியினும், வேலை முடிந்தவுடன் ஒவ்வொரு டிராக்கையும் ஒரே தொடக்கத்திலிருந்து வேவ் கோப்பாக வெளியே எடுத்து வைத்தல் வேண்டும். 24 பிட்டு, 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு டிராக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட்டு கொள்ளும். ஐந்து நிமிடப் பாட்டு பத்து டிராக்கில் இருப்பினும் 432 மெகாபைட்டிற்கு மேற்போகாது. இந்நாளைய சேமிப்புக் கருவிகளில் இஃது ஒரு பொருட்டன்று. பாடியவர் பெயர், ஊர், நாள், பாடலின் வகை ஆகியவற்றை எளிய எழுத்துக்கோப்பில் உடன்வைத்து, பிரதிகள் இரண்டை இருவேறு இடங்களில் காத்தல் நலம். பாடியவரிடம் முன்னரே அனுமதி பெற்றிருத்தலும் அவசியம். ரீப்பரும் ஆர்டரும் தம் வேலைக்குறிப்புகளை மனிதர் படிக்கக்கூடிய எழுத்துவடிவிலேயே எழுதி வைப்பன. அவற்றின்பால் நமக்குள்ள பட்சபாதத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

சினிமாத் தொழிலிற் புக விரும்புவார் புரோ டூல்ஸ் கற்றேயாக வேண்டும் என்று நண்பர் சிலர் ஆட்சேபிப்பர். பெருங்கூடங்களில் அதன் ஆட்சி மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. அங்குச் செல்லும் நாளில் அதனைச் சில வாரங்களிற் பழகிக்கொள்ளலாம். செவியைப் பழக்குதற்கோ பல ஆண்டுகள் வேண்டும். ஒலிகளை வேறுபடுத்தி அறியும் செவி ஒன்றில் அமைந்துவிட்டால், அஃது எல்லாவற்றிற்கும் உடன்வரும்.

கல்லூரி அதிகாரிகளிடம் நாம் வேண்டுவது ஒன்றே. வெளிச் சத்தம் புகாதவாறு மெத்தையிட்ட சிறு அறையொன்றையும், நல்ல மைக் ஒன்றையும், கட்டற்ற மென்பொருள் நிறுவிய கணினியொன்றையும் சங்கீத சபையின் பொறுப்பில் அளித்தல் வேண்டும். கோடை விடுமுறையில் ஊர் சென்று மீளும் மாணாக்கர் தத்தம் ஊர்ப்பாடல்களைப் பதிந்து கொணர்வராயின், அவற்றின் ஒரு பிரதியை ஏற்று வைத்தற்கு நம் நூல்நிலையத்தார் இப்பொழுதே இடம் ஒதுக்குவாராக.