பழைய கார் வணிகம்: ‘வாங்கியவன் பாடு’ என்பது யாருடைய நீதி?

புதிய கார் வாங்க இயலாதவர்களின் சந்தை என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட பழைய கார் வணிகத்தில் இன்று பெரும் மூலதனம் கால் பதித்துள்ளது. கார் உற்பத்தி நிறுவனங்களே பழைய கார் விற்பனைக்கெனத் தனிக் கிளைகளை நடத்துகின்றன. முதலீட்டு நிதியங்களின் பணத்தில் வளர்ந்த இணைய நிறுவனங்கள், வீட்டு வாசலுக்கே காரைக் கொண்டுவந்து தருவதாக விளம்பரம் செய்கின்றன. தில்லி கரோல் பாக்கின் கடைகளிலிருந்து கண்ணாடிச் சுவர் கொண்ட காட்சிக்கூடங்கள் வரை விற்பனையின் தோற்றம் பெரிதும் மாறியிருக்கிறது. மாறாத ஒன்றும் உண்டு. வாங்கிய இரண்டாவது வாரத்தில் இன்ஜின் புகை கக்கினாலும், கியர்பாக்ஸ் உடைந்தாலும், முறையிட வருபவருக்கு அன்றும் இன்றும் கிடைக்கும் பதில் ஒன்றே: “பார்த்துத்தானே வாங்கினீர்கள்?”

ஏதோ ஒரு வணிகரின் முரட்டுப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதன் பின்னால் காலனிக் காலச் சட்டக் கோட்பாடு ஒன்றும், அதனால் ஆதாயம் பெறும் வர்க்கமும் நிற்கின்றன. பழுதான காரை விற்ற வணிகரைப் பொறுப்பேற்கச் செய்யும் உரிமை இந்தியச் சட்டத்தில் இருக்கவே செய்கிறது. அந்த உரிமையை உழைப்பாளியின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பதே ஆட்சியாளர்கள் செய்துள்ள வேலை.

எல்லாம் அறிந்த வாங்குபவர் என்னும் கற்பனை

‘மூலதனம்’ நூலின் முதல் அத்தியாயத்தில், ஓர் அடிக்குறிப்பில், மார்க்ஸ் ஒரு சட்டக் கற்பனையைச் சுட்டிக்காட்டுகிறார். முதலாளித்துவ சமுதாயத்தில், வாங்க வருகிற ஒவ்வொருவரும் எல்லாச் சரக்குகளைப் பற்றியும் கலைக்களஞ்சியம் அளவுக்கு அறிவு பெற்றவர் என்று சட்டம் பாவித்துக்கொள்கிறது என்பதே அக்குறிப்பின் சாரம். பழைய கார் சந்தையைக் காட்டிலும் இதற்குப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

பழைய காரின் உண்மை நிலை அதன் வண்ணப்பூச்சில் தெரிவதில்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைத் திருத்திவிடலாம். மழைவெள்ளத்தில் மூழ்கிய காரைத் துடைத்துக் காயவைத்து, இருக்கை உறைகளை மாற்றிவிடலாம். 2005 ஜூலையில் மும்பையையும் 2015 டிசம்பரில் சென்னையையும் சூழ்ந்த வெள்ளம் ஏராளமான வாகனங்களை மூழ்கடித்தது. இவ்வாறு மூழ்கிய கார்களும் விபத்தில் நொறுங்கிய கார்களும் காப்பீட்டுத் தொகை தீர்க்கப்பட்ட பின் ஏலத்திற்கு வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி செப்பனிடப்பட்டு மீண்டும் சந்தைக்குள் நுழைவது இத்தொழிலில் உள்ளோர் அறிந்த செய்தி. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அந்த வெள்ளத்தின் சுவடு இருப்பதில்லை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அந்த அறியாமையிலிருந்தே இலாபம் பிறக்கிறது.

இதை இடதுசாரிகள் மட்டுமே கூறவில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை, பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. நல்ல காரையும் பழுதான காரையும் வாங்குபவரால் பிரித்தறிய இயலாதபோது, எல்லாவற்றுக்கும் இடைப்பட்ட ஒரு விலையைத்தான் அவர் தருவார்; அவ்விலைக்கு நல்ல காரின் உடைமையாளர் விற்க முன்வர மாட்டார்; முடிவில் பழுதான கார்களே சந்தையை நிறைக்கும் என்று அவர் நிறுவினார். 2001இல் அவருக்குப் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தரத்தைச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று உபதேசிப்போர், தமது முகாமிலிருந்தே வந்த இந்த ஆய்வைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நமது நாட்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 1930இல், பிரிட்டிஷ் ஆட்சியில், இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி இயற்றப்பட்டது. சரக்கின் தரத்திற்கு விற்பவர் பொதுவாக உத்தரவாதம் தருவதில்லை என்பதே அதன் 16ஆவது பிரிவின் தொடக்கம். வாங்குபவருக்கான பாதுகாப்புகள் விதிவிலக்குகளாகவே பின்னர் வருகின்றன. சரக்கை வாங்குபவர் சோதித்திருந்தால், அச்சோதனையில் தென்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. 62ஆவது பிரிவோ, எஞ்சியவற்றையும் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் நீக்கிக்கொள்ள வழிவிடுகிறது. ‘எங்கே எப்படி உள்ளதோ அப்படியே’ என்ற வரியை வணிகர்கள் விற்பனைச் சீட்டில் அச்சிடுவது இந்தத் துணிவில்தான்.

சட்டத்தை நமக்கு விட்டுச்சென்ற இங்கிலாந்து, தன் நாட்டில் அதே நிலையில் நின்றுவிடவில்லை. அங்கு 2015இல் இயற்றப்பட்ட நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வணிகரிடம் வாங்கிய பழைய கார் பழுதானது எனத் தெரிந்தால் 30 நாட்களுக்குள் திருப்பித் தந்து பணத்தைப் பெறலாம். ஆறு மாதத்திற்குள் வெளிப்படும் பழுது விற்பனையின்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வணிகருடையது. இப்பொறுப்பை ஒப்பந்த வாசகத்தால் உதற முடியாது. அந்நாடு சோசலிச நாடன்று. அங்குள்ள மூலதனமே ஏற்க வேண்டி வந்த ஒரு கட்டுப்பாட்டை, இங்குள்ள மூலதனத்தின் மீது விதிக்க இந்திய ஆட்சியாளர்களுக்கு மனமில்லை.

மறைந்துகொள்ளும் விற்பனையாளர்

நடைமுறை இதைவிட மோசமானது. பெரும்பாலான பேரங்களில் வணிகரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருப்பதில்லை. பழைய உரிமையாளரிடம் உரிமை மாற்றத்திற்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் பெறப்படுகிறது. தேதியும் வாங்குபவர் பெயரும் வெற்றிடமாக விடப்படுகின்றன. கார் வணிகரின் முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்கும். விற்றபின், முதல் உரிமையாளரிடமிருந்து கடைசி உரிமையாளருக்கு நேரடியாகக் கைமாறியதாக ஆவணம் காட்டும். நடுவில் நின்று இலாபத்தை எடுத்துக்கொண்டவர், பழுது என்று வந்தவுடன் “நான் வெறும் தரகர்” என்று விலகிக்கொள்வார். நுகர்வோர் சட்டம் வணிகரைத்தான் கட்டுப்படுத்தும். தன் சொந்தக் காரை எப்போதாவது விற்கும் தனிநபரை அச்சட்டத்தின் முன் நிறுத்துவது கடினம். ஆகவே இந்த ஒளிவிளையாட்டில் வாங்கியவரின் வழக்குக்கே அடித்தளம் இல்லாமல் போகிறது.

காரை விற்றவரும் இதில் தப்புவதில்லை. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி, கைமாறிப்போன கார் எங்கோ விபத்தை ஏற்படுத்தினால் இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளரின் தலையில் விழக்கூடும்.

இதைச் சரிசெய்வதாகக் கூறி, மத்திய மோட்டார் வாகன விதிகள் 2022 டிசம்பரில் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய வாகன வணிகர் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வாகனத்தைப் பெற்றுக்கொண்டதை அறிவித்தபின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வாகனம் வெளியே செல்வதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இவை தேவையான விதிகளே. ஆனால் காரின் நிலை குறித்து வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை அவற்றில் இல்லை. அமெரிக்காவில் உத்தரவாதம் உண்டா இல்லையா என்பதை அறிவிக்கும் தாளை ஒவ்வொரு பழைய காரின் கண்ணாடியிலும் வணிகர் ஒட்ட வேண்டும் என்ற விதி 1985 முதல் உள்ளது. அத்தகைய ஒரு தாளைக்கூட இங்கே கட்டாயமாக்கவில்லை.

அரசுக்குத் தன் பங்கை எண்ணிப் பெறுவதில் தடுமாற்றம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பதிவு பெற்ற வணிகர் விற்கும் பழைய காரின் கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி என்று 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. 2025 ஜனவரி 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் சிறிய கார்களுக்கு இது 12 சதவீதமாக இருந்தது. வணிகரின் இலாப வித்தியாசத்தை வரித்துறை கேட்டு அறிகிறது. இன்ஜினின் நிலையை அவரிடம் கேட்க எந்தத் துறையும் இல்லை.

சட்டத்தில் உள்ளதும் கைக்கு எட்டாததும்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய சரக்கை விலக்கி வைக்கவில்லை. குறையுள்ள சரக்கு, முறையற்ற வணிக நடவடிக்கை, தவறான விளம்பரம் ஆகிய அனைத்தும் பழைய காருக்கும் பொருந்தும். வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஒப்பந்தத்தில் நடுவர் மன்றத்திற்கே செல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாலும், அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடாது என்று 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்துள்ளது.

இவ்வளவும் காகிதத்தில் உண்டு. எங்கே முட்டுக்கட்டை விழுகிறது? முதலாவது, மெய்ப்பிக்கும் சுமை. காரைத் தொழில்நுட்ப வல்லுநரிடம் சோதிக்க வேண்டுமெனில், அதற்கான கட்டணத்தை முறையீட்டாளரே செலுத்தும்படி ஆணையம் கோரலாம். கடன் வாங்கிக் கார் வாங்கியவர், அது ஓடாது என்பதை நிறுவவும் பணம் தேட வேண்டும். இரண்டாவது, ‘அப்படியே’ என்ற ஒப்பந்த வரி. முறையற்ற ஒப்பந்தம் என்று அதை எதிர்த்து முறையிடும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டம் மாநில, தேசிய ஆணையங்களுக்கே தந்தது. மாவட்ட ஆணையத்திற்குத் தரவில்லை. கோடி ரூபாய் வீட்டுக்கும் மூன்று இலட்சம் ரூபாய் காருக்கும் மாநில ஆணையத்தின் வாசலே கதி. மூன்றாவது, ஆளில்லாத ஆணையங்கள். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிவு காண முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் காலியிடங்களை நிரப்பாத அரசுகளின் மெத்தனம் குறித்து 2021இல் உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது.

இணைய நிறுவனங்கள் இந்த நிலைமையை மாற்றிவிட்டன என்று கூறப்படுகிறது. நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்துத் தருவதாக முகப்பில் அறிவிப்பார்கள். நிபந்தனைகளின் நடுப்பக்கத்தில், தாம் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் மேடை மட்டுமே என்று எழுதி வைப்பார்கள். விற்பனையைப் பெருக்க வணிகர், பொறுப்பைக் கழிக்கத் தரகர்! கரோல் பாக்கின் வெற்றுப் படிவம் செய்துவந்த வேலையை இப்போது இணையப் பக்கம் செய்கிறது.

இது நடுத்தர வர்க்கப் பிரச்சனையா?

கார் என்றவுடன் இது வசதியுள்ளோரின் மனக்குறை என்று சில தோழர்கள் எண்ணக்கூடும். அது நேற்றைய கணிப்பு. செயலி நிறுவனங்களுக்கு வாடகைக் கார் ஓட்டுவோரும், காய்கறியும் பாலும் ஏற்றிச் செல்லும் சிறு வண்டிக்காரர்களும் பழைய வாகனத்தையே நாடுகிறார்கள். புதிய கார் கடனைவிடக் கூடுதல் வட்டிக்குக் கடன் பெறுகிறார்கள். கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களில் வருமானம் நின்றுவிடும், தவணை நிற்பதில்லை. அவருக்கு அந்தக் கார் உழைப்புக் கருவி. அது பழுதாக விற்கப்படும்போது, இன்னும் செய்யாத உழைப்பின் கூலியும் முன்கூட்டியே பறிக்கப்படுகிறது.

“வாடகைக்கு ஓட்டுகிறாய், எனவே நீ நுகர்வோரே இல்லை” என்று வணிகரின் வழக்கறிஞர் வாதிடுவதுண்டு. சுயதொழில் மூலம் பிழைப்புக்காகவே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. ஆட்டோவைத் தானே ஓட்டிப் பிழைப்பவரும், லாரியைத் தானே ஓட்டுபவரும் நுகர்வோரே என்று 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டுடன் கூறியுள்ளது. இதை ஓட்டுநர்களிடம் கொண்டு செல்ல வேண்டியது யார்?

கோரிக்கைகளும் கடமைகளும்

வணிகர் விற்கும் ஒவ்வொரு பழைய வாகனத்திற்கும் விபத்து, வெள்ளம், ஓடிய தூரம், கடன் நிலுவை ஆகியவற்றைக் குறிக்கும் கையெழுத்திட்ட அறிக்கை கட்டாயமாக்கப்பட வேண்டும். ஆறு மாதத்திற்குள் வெளிப்படும் பெரும் பழுது விற்பனையின்போதே இருந்ததாகக் கொள்ளப்பட வேண்டும். ‘எங்கே எப்படி உள்ளதோ அப்படியே’ என்ற வாசகம் வணிகர் விற்பனையில் செல்லாது என்று அறிவிக்கப்பட வேண்டும். முறையற்ற ஒப்பந்தங்களை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையங்களுக்கு வழங்கப்பட வேண்டும். காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். சோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும்.

இவற்றுக்காகக் காத்திராமல் இன்றே செய்யக்கூடிய பணிகளும் உண்டு. வாடகைக் கார், ஆட்டோ, சரக்கு வண்டி ஓட்டுநர் சங்கங்களில் பணியாற்றும் தோழர்கள், வாங்கும் முன்பே ஓட்டுநர்களை எச்சரிக்க வேண்டும். வணிகரின் பெயரிலேயே ரசீது பெற வேண்டும். பணத்தை வங்கி வழியே அவர் கணக்கில் செலுத்த வேண்டும். விளம்பரத்தையும் சோதனை அறிக்கையையும் படமெடுத்து வைக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. பழுது தெரிந்தவுடன் காரைப் பிரித்துச் செப்பனிடுவதற்கு முன்பாக எழுத்தில் முறையிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிய வேண்டும். ஒரே வணிகரிடம் ஏமாந்த பலர், ஆணையத்தின் அனுமதியுடன் கூட்டாகவும் வழக்கிடலாம்.

தனியொருவர் ஆணையத்தின் படியேறும்போது, வாய்தா மேல் வாய்தா வாங்கி அவரைக் களைப்படையச் செய்வது வணிகருக்கு எளிது. முப்பது ஓட்டுநர்கள் சங்கக் கொடியுடன் காட்சிக்கூடத்தின் முன் நின்று, கையில் முறையீட்டு நகலையும் வைத்திருந்தால், “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்று கூற அவருக்கு நா எழாது.