நகைக்கும் நிலப்படங்கள்

நாடுகளை மாந்தராகவும் விலங்காகவும் வரைந்து நகைப்பது பழைய வழக்கமே. 1877-இல் இலண்டனில் பிரெட் ரோஸ் தீட்டிய ஐரோப்பிய நிலப்படத்தில் ருசியா ஒரு பேய்க்கணவாய். அதன் கரங்கள் அண்டை நாடுகளை இறுக்கிப் பிடித்திருக்கும்.

ஜப்பானியரான ஹிமாருயாவின் 'ஹெட்டாலியா' சித்திரக்கதையிலோ, நாடுகள் இளைஞர்களாகி ஒருவரையொருவர் சீண்டுகின்றன. இத்தாலி, உணவுப்பிரியனான கோழை! தலைப்பே 'உதவாக்கரை இத்தாலி' என்னும் பொருள்பட அமைந்தது. நாமும் நகைத்தோம், ஒளிப்பானேன்?

ஆயினும் 2009 சனவரியில் அது தொலைக்காட்சிக்கு வரவிருந்தபோது தென்கொரியர் கொதித்தெழுந்தனர். கொரியப் பாத்திரம் தம்மை இழிவுபடுத்துகிறது என்றனர். தொலைக்காட்சி ஒளிபரப்பு கைவிடப்பட்டது. வேடிக்கைக்கு இத்துணைச் சினமா எனச் சிலர் வினவலாம். 1910 முதல் 1945 வரை கொரியாவை அடக்கியாண்டது ஜப்பான். அந்நாட்டுத் தூரிகையே 'விளையாட்டுக்குத்தான்' என்றால், கொரியர் எங்ஙனம் சிரிப்பர்?