கூரையை விடுங்க, படியைப் பாருங்க

போன கோடையில அம்மா ஹவுன்ஸ்லோ வந்திருந்தாங்க. முழங்கால் வலி. குரோம்பேட்டையில பஸ்ஸை விட்டு ரொம்ப நாளாச்சு, அந்த முதல் படி ஏற முடியாது. இங்கே 111 வந்து நின்னுச்சு. புஸ்ஸுனு ஒரு சத்தம், வண்டி நம்ம பக்கமா சாஞ்சுது. என் கையைப் பிடிக்காமலே ஏறிட்டாங்க. ரெண்டாவது வாரம் நான் லெக்சர்ல இருக்கும்போது, "கிங்ஸ்டன்ல இருக்கேன்டா"னு போன். எனக்குத்தான் பக்குனு ஆச்சு :-)

அந்த நிறுத்தம் அழகெல்லாம் இல்லை. ஒரு கம்பம், ஒரு கண்ணாடிக் கூரை, மழை வந்தா பாதி நனையலாம். ஆனா நடைபாதை விளிம்பை உயர்த்திக் கட்டியிருக்காங்க. பழைய ரூட்மாஸ்டர் தவிர லண்டன் பஸ் எல்லாமே 2005 முடிவுக்குள்ள தாழ்தளம் ஆயிடுச்சு. ரெண்டும் சேர்ந்தாதான் அம்மா கிங்ஸ்டன் போக முடியும்.

அதனால, தனித்தடத்துல ஓடுற பி.ஆர்.டி. பஸ்ஸுக்கு நிலையம் கட்டணும்னு யாராவது படம் காட்டினா, நான் கூரையைப் பாக்கறதில்லை. படி எத்தனைன்னுதான் பாக்கறேன். வண்டியைத் தாழ்த்த முடியலையா, தரையை உயர்த்துங்க. 2009ல ஓட ஆரம்பிச்ச அகமதாபாத் ஜன்மார்க் செஞ்சது அதுதான். பஸ் தளம் 90 செ.மீ., நடைமேடையும் அதே 90. டிக்கெட்டும் நிலையத்துலயே, அதனால கதவுல கூட்டம் தேங்காது. பிரேசில்ல குரிடிபா 1991லயே கண்ணாடிக் குழாய் நிலையம் கட்டி இதைக் காட்டிடுச்சு.

ஒரு சிக்கல். அகமதாபாத் நிலையம் நடுரோட்டுல இருக்கு. ரோட்டைக் கடந்து அங்க போய்ச் சேர்றதும் வடிவமைப்புல ஒரு பாதி. டில்லியில 2008ல அம்பேத்கர் நகர்-மூல்சந்த் 5.8 கி.மீ. தடத்துலயும் நிறுத்தம் நடுவுலதான். அதைக் கடந்து போறவங்களை விட, கார்க்காரங்க கோபம்தான் பெருசாக் கேட்டுது. 2016ல இடிச்சே போட்டாங்க.

நம்ம புறநகருக்கு வந்தா, கிளாம்பாக்கம் நிலையம் 88 ஏக்கர்ல 2023 டிசம்பர்ல திறந்தாச்சு. திறந்த அன்னைக்குப் பக்கத்துல ரயில் நிலையம் இல்லை! அதை விட 2024 ஆகஸ்டுல தாழ்தள பஸ் சென்னைக்குத் திரும்ப வந்ததுதான் எனக்குப் பெரிய சேதி. உடனே அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன், இனி ஆட்டோ வேணாம்னு.

நேத்து கேட்டேன், பஸ்ல போறீங்களான்னு. "வண்டி தாழ்வாத்தான்டா வருது. நிறுத்தத்துல கார் நிக்குது. பஸ் தள்ளி ரோட்டுல நிக்குது, நடைபாதையில இருந்து இறங்கிப் போய்த்தான் ஏறணும்"னாங்க.

ஆட்டோவுலதான் போறாங்க.